தெர்மாமீட்டருக்குச் சுற்றிய ஈரத்துண்டு

சென்ற மார்கழியில் பத்து நாள் ஒரு தெர்மாமீட்டருக்குச் சேவகம் செய்தேன். சிரிக்காதீர்கள்...

என் அக்கா வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆனவர். பிளவக்கல் அணைப் பக்கம் இரண்டு ஏக்கர், வற்றாத கிணறு. போன வருடம் போட்ட மக்காச்சோளம் முழுக்கப் படைப்புழுவுக்குப் போனது. அந்த நேரம் பார்த்து, சிப்ஸ் கம்பெனி ஒன்று அடுத்த சீசனில் உருளைக்கிழங்கு போட நிலம் தேடுவதாகச் சேதி. விலையை முன்கூட்டியே பேசி எடுத்துக்கொள்வார்களாம். அத்தான் விடுவாரா?

கம்பெனி ஆபீசர் வந்தார். மண்ணைப் பார்த்தார் — திருப்தி. தண்ணீர் — பிரமாதம். லாரி தோட்டத்துக்குள்ளேயே வரும்.

"எல்லாம் சரி சார். ராத்திரி குளிருமா?"

"மலையடிவாரம்லா சார்! போர்வை இல்லாம படுக்க முடியாது" என்றார் அத்தான்.

ஆபீசர் சிரித்தார். "ராத்திரி வெக்கையா இருந்தா இலைதான் தழைக்கும். கீழே கிழங்கு பிடிக்காது." ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்து, தோட்டத்தில் வைத்து ராத்திரி சூடு எவ்வளவு இறங்குகிறது என்று பத்து நாள் குறித்து அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் இரண்டு நாளும் நம்பர் இறங்கவே இல்லை. அத்தான் முகம் தொங்கிப்போனது. ஈரத்துண்டைச் சுற்றலாம் என்று யோசனை சொன்னது யார்? நானேதான். தினமும் சாயங்காலம் போய்த் துண்டை நனைத்துச் சுற்றியதும் நானேதான். நம்பர் ஒழுங்காக இறங்கியது. ஆபீசருக்கு ஏக சந்தோஷம். அக்ரிமென்ட் பேப்பரோடு மறுநாளே வருவதாகப் போன் செய்தார்.

அன்றைக்குத் தோட்டத்துக்கு டீ கொண்டுவந்த அக்கா துண்டைப் பார்த்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, பொறவு ரெண்டு ஏக்கர் செடிக்கும் நீயே வந்து துண்டு நனைச்சுப் போடுவியா?"

அத்தான் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு போனை எடுத்தார்.

"சார்... நான் அனுப்புனது அம்புட்டும் பொய். ஈரத்துண்டைச் சுத்தி வச்சேன். இங்கன மார்கழிலயும் ஃபேன் போட்டுத்தான் படுக்கோம். மன்னிச்சிருங்க."

கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. அத்தான் மறுபடியும் மக்காச்சோளம்தான் போடப்போகிறார். புழு வருமோ என்ற பயம் அவருக்கு இருக்கிறது. போனில் கடைசிவரை என் பெயரை அவர் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்தப் புத்தி எனக்கு அன்றைக்கு வந்ததல்ல. சுகர் டெஸ்ட்டுக்கு முந்தின மூன்று நாள் மட்டும் வாயைக் கட்டிவிட்டு, நல்ல ரிப்போர்ட்டோடு நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்குப் போகிற ஆள் நான். நம்பர் சரியாக வந்துவிட்டால் போதும், உடம்பு என்ன ஆனால் என்ன? நம்மில் எத்தனை பேர் இப்படி?

இந்த வாரம் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் — அக்காவுக்குத் தெரிவதற்குள்.