விரதம் இருந்த மீன்

படிக்கப்போகிறவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு தறியில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்பது இன்றும் குழப்பம்தான். பேச்சும் எனக்கு வராது. நாலு பேர் வீட்டுக்கு வந்தால் தறிக்குழிக்குள் இறங்கிவிடுவேன். ஆனால் மீனைப் பற்றி என்றால் எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

சில வருஷங்களுக்கு முன்பு நூல் வாங்கப் பட்டணம் போனபோது மூர் மார்க்கெட்டில் ஒரு ஜோடி சண்டை மீன் வாங்கினேன். ஆண் மீன் சரியான மயில்கழுத்து நிறம். அந்த நிறத்தைப் பட்டில் கொண்டுவர சாயக்காரர் படும் பாடு எனக்குத் தெரியும். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு திருத்தணி ரயிலில் வந்தேன். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் என் மடியையே பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

எப்படியாவது குஞ்சு எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. ஆண் மீன் வாயால் குமிழி ஊதி, மிதக்கும் இலைக்கு அடியில் நுரையாகக் கூடு கட்டும். பெண் மீன் இடும் முட்டைகளை வாயில் பொறுக்கி அந்த நுரையில் ஒட்டிவைக்கும். தண்ணீர் ஆடினால் கூடு கலைந்துவிடும். எங்கள் வீட்டிலோ விடிந்தால் தறிச் சத்தம். காலையில் கட்டிய கூடு சாயங்காலம் இருக்காது. கடைசியில் தரை அதிராத இடம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். முன் அறையில், சாமி படங்களுக்குக் கீழே. மண்தொட்டியை அங்கே வைத்து, வாழையிலைத் துண்டு ஒன்றை மிதக்கவிட்டேன். கூடு நின்றது. முட்டையும் வந்தது. பெண் மீனை எடுத்து வேறு பாட்டிலில் விட்டேன்.

சந்தோஷத்தில் காலண்டரைப் பார்க்கவில்லை. மறுநாள் ஆடிப் பரணி, கிருத்திகைக்கு முந்தின நாள்.

அம்மையார்குப்பத்திலிருந்து பாவா வந்துவிட்டார். என் மனைவியின் அண்ணன். வருஷா வருஷம் அவருக்கு எங்கள் வீட்டில்தான், அதே அறையில்தான் காவடி கட்டுவோம். மஞ்சள் வேட்டியோடு உள்ளே வந்தவர் தொட்டியைப் பார்த்து நின்றார்.

"இன்னா மாப்ள இது? மாலை போட்டுகினு வந்துகிறேன், சாமிக்குக் கீழ மீன வச்சிகிற!"

"அது கொழம்பு மீன் இல்லணா, அழகு மீன்" என்றாள் என் மனைவி.

"மீன்னா மீன்தாம்மே. தூக்கிக் கொல்லையில வை."

தூக்கினால் கூடு போய்விடும், அத்தனை முட்டையும் போய்விடும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. குனிந்து தொட்டியின் விளிம்பைப் பிடித்தேன். லேசாக அசைந்ததற்கே நாலைந்து முட்டைகள் கழன்று அடியில் இறங்கின. ஆண் மீன் பாய்ந்து போய் அவற்றை வாயில் கவ்வியது.

"பாருடா, தன் முட்டையவே துன்றான்!"

"நல்லா பாருணா. துன்னல, மேல கொண்டாந்து ஒட்டுறான்."

பாவா குந்தினார். மீன் மேலே வந்து ஒவ்வொன்றாக நுரையில் வைத்தது. மறுபடி கீழே போனது. அப்போது எனக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது.

"நேத்துலர்ந்து எதையும் தொடல பாவா. குஞ்சு வர்ற வரிக்கும் அப்படித்தான்."

"சும்மா சொல்லாத."

கொல்லைத் தொட்டியிலிருந்து கொசுப்புழு கொண்டுவந்து போட்டேன். மீனின் மூக்குக்கு எதிரிலேயே நெளிந்தது. மீன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாவா இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு, "விரதமா கீறான்யா" என்றார்.

"அப்ப கொல்லைக்குத் தூக்கட்டுமாணா?"

"ஏய், கம்முனு இரு. காவடிய இந்தாண்ட மூலையில கட்டிக்கலாம்."

கிருத்திகை காலையில் மேளக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். பாவா ஓடிப்போய் அவர்களைத் தெருமுனைக்குத் துரத்தினார். "அங்கியே அடிங்கப்பா! உள்ள புள்ளத்தாச்சி கீது!"

"யாருங்க?" என்று மேளக்காரர் கேட்டதற்கு, "ஒரு ஆம்பள" என்று சொல்லிவிட்டு வந்தார். என் மனைவி சிரித்த சிரிப்பில் பூமாலையைக் கீழே போட்டுவிட்டாள்.

பூக்காவடியைத் திருத்தணி மலையில் செலுத்திவிட்டு மத்தியானம் வந்தோம். பாவா காலைக் கழுவியதும் நேராகத் தொட்டிக்குத்தான் போனார். நுரைக்கு அடியில் ஊசிமுனை போலச் சின்னச் சின்ன வால்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"மாப்ள! பொறந்துட்சி!" என்று அவர் போட்ட சத்தத்தில் தண்ணீர் ஆடியது. ஒன்றும் ஆகவில்லை.

"பொறந்த வீடாச்சே, தீட்டு இல்லியாணா?" என்றாள் மனைவி.

"போய் பாயசம் வைம்மே."

அந்தக் குஞ்சுகளில் ஒரு ஜோடியை வளர்த்து பாவாவுக்குக் கொடுத்தேன். பிறகு அவர் வீட்டிலும் மீன்தான். இந்த வருஷம் பரணிக்கே வரவேண்டியவர், நேற்று கிருத்திகை சாயங்காலம்தான் வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"அவன் கூடு கட்டிகினு இருந்தான் மாப்ள. பாத்துட்டு வந்தேன். சாமி கோச்சிக்காது."

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், 1984.