தை மாதத்துக் கப்பல்

என் நாத்தனாரின் இடது காதை நான் பிய்த்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, கம்மல் என் கையிலும் ரத்தம் அவள் தோளிலுமாக நின்றோம். தென் அமெரிக்காவைக் கப்பலில் சுற்றி வர ஒரு வருடமாக நான் போட்ட திட்டத்தில் இது மட்டும் இல்லை.

போடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் கணவருக்குக் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம். இருபத்தைந்து வருடம் நான் கடையையும் அவர் செடியையும் பார்த்துக்கொண்டிருந்தோம். மகன் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு ஒருநாள், தென் அமெரிக்காவின் அடிமுனையைச் சுற்றி வரும் கப்பலைப் போனில் பார்த்தேன். பனிப்பாறை ஒன்று கடலில் இடிந்து விழுந்தது. அந்தச் சத்தத்தை நேரில் கேட்காமல் சாகக்கூடாது என்று தோன்றிவிட்டது. எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் குறுக்கே நிற்பவர் பாடு திண்டாட்டம்தான்.

என் பிறந்த வீட்டில் வாய்க்கு முன்னால் கை பேசும். அப்பா அம்மாவை அடித்தார், அம்மா எங்களை அடித்தார், நாங்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டோம். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் சித்தப்பா மண்டை உடைந்து கிடந்ததைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நின்று பார்த்திருக்கிறேன். வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் யாரும் கை நீட்டமாட்டார்கள். முதல் வருடமே நான் எறிந்த தம்ளரில் கணவரின் புருவம் கிழிந்தது. "மதினி கோவக்காரிதான், ஆனா மனசு தங்கம்" என்று, அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாத்தனார்தான் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சமாளித்தாள்.

கப்பலுக்கு முதலில் பருவம் பார்த்தேன். நமக்கு மார்கழி, தை, மாசி என்றால் அந்த முனையில் கோடை. நம் ஆடியில் அங்கே கடுங்குளிர், கப்பல்களே இருக்காது. மார்கழியில் ஆங்கில வருடப் பிறப்புக் கூட்டம், கட்டணம் கொள்ளை. தையில் தோட்டத்திலும் காய் எடுப்பு ஓய்ந்து வரும். ஆகவே தை.

அடுத்தது திசை. அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கிறது. சிலியில் ஏறி அர்ஜென்டினாவில் இறங்கினால் காற்று முதுகைத் தள்ளும். மாறிப் போனால் மூஞ்சியில் அறையும். கணவரிடம் இதை விளக்கினேன்.

"லோடு ஜீப்பு மல ஏறுறதுக்கும் எறங்குறதுக்கும் உள்ள வித்தியாசம்னு சொல்லு" என்றார்.

விமான டிக்கெட்டில்தான் வம்பு வந்தது. ஏலக்காய்க்கு விலை படியவில்லை என்றால் மூட்டையைப் பூட்டி வைத்துக் காத்திருந்தே பழகிய மனிதர் அவர். "பொறு, வெல நம்ம வழிக்கு வரும்" என்று டிக்கெட்டுக்கும் காத்திருந்தார். மூட்டை நம் கையில் இருந்தால்தான் காத்திருக்கலாம், இங்கே சீட்டு விமானக் கம்பெனிக்காரன் கையில் அல்லவா இருக்கிறது? ஆறு வாரத்தில் விலை எங்கோ போய்விட்டது. அன்று நான் வீசிய சாப்பாட்டுத் தட்டு டிவியை உடைத்தது. மறுநாளே டிக்கெட்டை வாங்கினோம். கொச்சியில் ஏறி சிலியின் சாண்டியாகோவுக்குப் போய், அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸிலிருந்து திரும்பும் ஒரே டிக்கெட். போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனியாக வாங்குவதைவிட அது மலிவு. ஆனால் ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ராசிங்காபுரத்திலிருந்து நாத்தனாரும் அவள் புருஷனும் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை அவளுக்கு. மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன், என் கணவர்.

"அண்ணே, தை இருபத்திமூணுக்குக் குறிச்சாச்சு. பிள்ள ஒங்க மடியிலதான் ஒக்காரணும்."

கணவர் என்னைப் பார்த்தார். கப்பல் விஷயத்தை நாங்கள் அவர்களிடம் சொல்லவே இல்லை.

"அப்ப நாங்க கப்பல்ல இருப்போம்" என்றேன்.

நாத்தனார் புருஷன் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். "ஆடியில போங்கக்கா. ஆடியில ஒரு விசேசமும் கெடையாது, சோலியும் கம்மி."

"ஆடியில அங்க பனியா உறைஞ்சு கெடக்கும் தம்பி. கப்பலே போகாது."

"நம்ம ஏலக்கா வெலையக் கெடுக்குறவன் ஊருதான அது? அங்க போயி என்னத்தப் பாக்கப் போறீக?"

"அது குவாத்தமாலா. இது வேற எடம்."

நாத்தனார் மேசையில் ஃபைலில் இருந்த டிக்கெட் தாள்களை எடுத்தாள். நான்காகக் கிழித்தாள். அழுதுகொண்டே, "கிழிச்சாச்சு. இனி எப்படிப் போவீக?" என்றாள்.

டிக்கெட் என் போனில் பத்திரமாக இருந்தது. சிரித்திருக்கலாம். ஆனால் அவள் முடியைப் பிடிக்கப் போன என் கை கம்மலில் மாட்டியது. மாட்டியது தெரிந்தும் நான் விடவில்லை, இழுத்தேன். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. காது மடல் இரண்டாகப் பிளந்து தொங்கியது. அவள் புருஷன் என்னைத் தள்ளிய வேகத்தில் ஜன்னல் கம்பியில் என் நெற்றி மோதியது. குழந்தை வீறிட்டு, தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. பஞ்சை எடுத்துக்கொண்டு நான்தான் ஓடினேன். நாத்தனார் என் கையைத் தட்டிவிட்டாள். கணவர் முதல்முறையாக என்மேல் கை ஓங்கினார். பிறகு அதே கையால் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அடித்திருந்தால் தேவலை.

தையல் போட்டார்கள். நன்றாக ஆறிய பிறகுதான் மறுபடி துளை போடலாம், நாலைந்து மாதம் கம்மல் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்து அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். "மூளிக்காதோட சபையில நிக்கமாட்டேன். வைகாசிக்கு மாத்தியாச்சு. பிள்ளைக்குக் குத்துறப்பவே எனக்கும் குத்திக்கிறேன்."

ஆக, என் தை எனக்குக் கிடைத்துவிட்டது. அதை எண்ணி எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ராசிங்காபுரத்துக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் கதவு திறக்கவில்லை. பயணத்தையே விட்டுவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன்.

"நீ போகலேன்னா அவ காது ஒட்டிக்கிருமா?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, காலைக் கூட்ட நேரத்தில் அவளே கடைக்கு வந்தாள். காது மடலில் தையல் போட்ட கோடு சிவப்பாகத் தெரிந்தது. ஏலக்காயும் சுக்கும் கட்டிய பொட்டலத்தைக் கவுண்டர்மேல் வைத்தாள்.

"கப்பல்ல கொமட்டுனா வாயில போட்டுக்கங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"நாங்க நாள் குறிக்கிறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வைகாசியில வச்சிருப்பேன்ல மதினி? பதினோரு வருசம் காத்துக் கெடந்தவளுக்கு நாலு மாசம் பெரிசா?"

எங்கோ இருக்கிற கடலின் பருவத்தை வருடம் முழுக்க விசாரித்தவள் நான். பஸ்சில் ஏறினால் சுருக்கப் போய்விடும் தூரத்தில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் கன்னத்தில் அறைந்தாள். அந்த வீட்டில் பிறந்த யாரும் அதற்கு முன் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை.

"இப்ப போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

என் இடது காது ஙொய்யென்று இரைந்தது. என் இரண்டு கையும் கவுண்டர்மேல் வைத்தது வைத்தபடி கிடந்தன. அடி வாங்கிவிட்டு நான் திருப்பிக் கை ஓங்காதது என் வாழ்நாளில் அன்றுதான்.