சாப்பிடாதவர் வயிறு

மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் சொல்வது "ஒண்ணும் சாப்பிடல" என்பதுதான். நான் முதலில் நம்பாததும் அதைத்தான். வயிற்றில் சோறு இருக்கும்போது மயக்கம் கொடுத்தால், அது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். ஆளே போய்விடக்கூடும்.

பழவேற்காட்டு ஏரியோரம் நான் வேலை பார்க்கும் சின்ன மருத்துவமனைக்கு, பித்தப்பைக் கல்லை எடுக்க ஒரு பெண் வந்திருந்தார். ஊர் சுண்ணாம்புக்குளம் பக்கம். கணவர் ஏரியில் வலை போடுகிறவர். இவர் நண்டைக் கூடையில் எடுத்துப்போய் மீஞ்சூரில் விற்கிறவர்.

"நேத்து பொழுதோட கஞ்சி குடிச்சதுதான் மேடம். அப்பால பச்சத்தண்ணி கூட பல்லுல படல," என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை வயிற்றோடு இழுத்துப் பிடித்திருந்தார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. மயக்கம் கொடுப்பதற்கு முன் வயிற்றையே ஸ்கேன் செய்து பார்க்கும் முறையை அப்போதுதான் பழகியிருந்தேன். கருவியை வைத்தேன். இரைப்பை நிறைய உணவு.

"என்னம்மா சாப்பிட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"நான் இன்னாத்துக்கு பொய் சொல்லப்போறேன்?"

கட்டிலுக்கு அடியில் இருந்த பையைத் திறக்கச் சொன்னேன். துண்டும் மாற்றுப் புடவையும்தான் இருந்தன. சர்ஜன் எட்டிப்பார்த்து, ஆரம்பிக்கலாமா என்றார். முடியாது என்றேன். அதைக் கேட்டுக் கணவர் உள்ளே வந்துவிட்டார்.

"உள்ள வேற இன்னாமோ கீது. கண்டுபுடிச்சுட்டு எங்க கைல மறைக்கிறீங்க. எட்டு மாசமா இவ எளச்சுக்கினே வர்றா. எனக்குத் தெரியாதா?"

அவர் என்னைச் சந்தேகிக்கிறார். நான் அவர் மனைவியைச் சந்தேகிக்கிறேன். கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தபோது, தொப்புளைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன நீலப் புள்ளிகளைக் கண்டேன்.

"இது என்ன?"

"கொசு."

"கொசு வரிசையாவா கடிக்கும்?"

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். மீஞ்சூரில் இவரிடம் நண்டு வாங்கும் ஓர் அக்கா, உடம்பு இளைக்க வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறாராம். இவருக்கும் அவரே போட்டுவிடுகிறாராம். மூட்டு வலியோடு கூடை தூக்க முடியாமல், எடை குறைந்தால் வலியும் குறையும் என்று இவரும் சம்மதித்திருக்கிறார். "ஊர்ல தெரிஞ்சா சிரிப்பாங்க மேடம். அவருக்கும் தெரியாது."

அந்த ஊசி பசியை மட்டும் அடக்குவதில்லை; இரைப்பை காலியாவதையும் தாமதமாக்கும். எங்கள் துறையில் இப்போது அதிகம் பேசப்படும் விஷயம் அது. நேற்றுக் குடித்த கஞ்சி இன்னும் அங்கேயே கிடந்தது. அவர் பட்டினி கிடந்தது உண்மை. வயிறு நிறைந்திருந்ததும் உண்மை.

வலி அடங்கியிருந்ததால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டோம். ஊசியை நிறுத்தி, புதுத் தேதிக்கு முந்தைய நாள் முழுக்க நீராகாரம் மட்டும் கொடுத்து, மறுபடி ஸ்கேன் செய்து, இரைப்பை காலி என்று பார்த்த பிறகே மயக்கம் கொடுத்தேன். நல்லபடியாக முடிந்தது. கணவரிடம் தானே சொல்லிக்கொள்வதாக அவர் சொன்னதால் நான் சொல்லவில்லை.

அதன்பின் எங்கள் மருத்துவமனையில், ஆபரேஷன் தேதி கொடுக்கும்போதே அந்த ஊசியைப் பற்றி நோயாளியைத் தனியாக அழைத்துக் கேட்கிறோம். கூட வந்தவர்கள் எதிரில் கேட்டால் யாரும் ஆமாம் என்பதில்லை. தனியாகக் கேட்டு இல்லை என்றாலும், எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டினால் ஸ்கேன் கருவியை எடுத்துவிடுகிறேன்.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று, மனைவியை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டுக் கணவர் மட்டும் திரும்பி வந்தார்.

"ஊசின்னு இன்னாவோ சொல்றா டாக்டரம்மா. நெஜந்தானா? இல்ல, நீங்க சொல்லிக்குடுத்ததா?"

"நிஜம்தான்," என்றேன்.

தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.