சோலார் பலகையில் நான் வைத்த பொட்டு

இதை எழுத எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது. நோட்டை எடுப்பேன், கற்பகாம்பாள் படத்துக்கு முன் வைப்பேன், மூடிவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை வரலாம், நடந்ததில் பிழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய குடியிருப்பில் எங்களுக்குத் தரைத்தளம். நான்கு வருடம் முன்பு பெய்த பெருமழையில் வெள்ளம் உள்ளே வந்ததும் மொட்டை மாடிக்கு ஏறி, தார்ப்பாயில் கூடாரம் கட்டி இருந்தோம். கரண்ட் இல்லை. என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜனில்தான் மூச்சு. கையிருப்பு சிலிண்டர் இரண்டு நாளில் தீர்ந்தது. பிறகு சின்ன ஆக்சிஜன் மெஷினும், அதை ஓட்ட மகள் வாங்கித் தந்த பேட்டரிப் பெட்டியும்தான். வெயிலில் சார்ஜ் ஏற்ற, நாலாக மடிக்கும் சோலார் பலகையும் அதோடு உண்டு.

மூன்றாம் நாள் காலை நல்ல வெயில். பலகையை விரித்து ஒயரைச் சொருகினேன். பெட்டியின் திரையில் பதினொரு வாட்ஸ்தான் காட்டியது. வாங்கிய அன்று மகள் விரித்துக் காட்டியபோது எழுபதைத் தாண்டியது. பேட்டரியில் மிச்சம் ஒன்பது சதவீதம்.

மூன்றாவது மாடி ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பேரன் எடுத்தவர், என்னை அக்கா என்பார். ஒயரைப் பிடுங்கி ஊதிச் சொருகினார். பலகையைத் தண்ணீர்த் தொட்டி நிழலிலிருந்து நகர்த்தி, வெயிலுக்கு நேராகச் சாய்த்தார். மீட்டர் வைத்துப் பார்த்தார். அதே பதினொன்று. ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது என்றவர், குனிந்து பலகையைப் பார்த்தார்.

ஆயுத பூஜையன்று நான்கு மடிப்பிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தேன். காய்ந்து ஓடாகப் பிடித்திருந்தது. அன்று காலை பலகையைத் துடைத்தபோதுகூட, பொட்டைச் சுற்றித்தான் துடைத்தேன்.

"யக்கா, அதும் கண்ண மூடி வச்சிட்டு, பாக்கலியேன்னா எப்டி? ஒரு கட்டம் மறைஞ்சாலே மொத்தமும் படுத்துக்கும். தொடச்சி உடு."

மாட்டேன் என்றேன். புருஷன் மூச்சுக்குத் திணறும்போது, கட்டியவள் கையால் குங்குமத்தை அழிப்பதா? தானே துடைக்கிறேன் என்று அவர் வந்தார். குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். உச்சி வெயில் வந்தால் ஏறும் என்று சொல்லி அம்பாள் பேரையே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு மணி நேரம் போனது.

மெஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. வீட்டுக்காரர் உதடு நீலம் பாய்ந்தது. தார்ப்பாய்க்குக் கீழே படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நெத்தியில இருக்கறது போதும்மா. அதத் தொடச்சுடு."

முந்தானையை நனைத்துத் தேய்த்தேன். முப்பது, ஐம்பது, அறுபத்தெட்டு. ஆனால் செத்த பெட்டிக்கு உயிர் வந்து மெஷின் ஓட இன்னும் கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் படகு வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒயரில் தண்ணீர் புகுந்துவிட்டது, இவள் என்ன செய்வாள் என்றே சொன்னார். மெக்கானிக்கிடமும் அப்படியே சொல்லும்படி சத்தியம் வாங்கியிருக்கிறார். பிறகு போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஒரு மணி நேரம் நான் பிடிவாதம் பிடித்து மெஷின் நின்றதுதான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். நுரையீரல் ஏற்கெனவே மோசம் என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

உறவில் இன்றும் ஒயர் கதைதான். மகளும் அதைத்தான் நம்புகிறாள். இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது. அம்பாள் மேல் எனக்குக் குறை இல்லை. அவள் கேட்காததை நான் செய்தேன், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் இப்படிப் பலகை இருந்தால் துடைத்து வையுங்கள், சந்தனத்தைப் பெட்டிக்கு வையுங்கள். நாலு பேருக்குச் சொல்வதானால் இதை இப்படியே சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு அந்த ஒரு மணி நேரத்தை அரை மணியாக்க வேண்டாம். பழியை ஒயர் மேலும் போட வேண்டாம்.