மேசைக் கண்ணாடிக்கு அடியில்

குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்காகத் திருவொற்றியூரில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் உதவி மையத்தில் எனக்கு வேலை. அன்று உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். எர்ணாவூர் மாணவி ஒருத்தி என்னிடம் கொடுத்துவைத்திருந்த அசல் சாதிச் சான்றிதழைக் காணவில்லை. உதவித்தொகை வராவிட்டால் அவள் படிப்பை விட்டுவிட்டு இறால் உரிக்கப் போகவேண்டும். பீரோவைக் கவிழ்த்தேன். குப்பைக்கூடையில் தலையை விட்டேன், அங்கே என் மானம் மட்டும்தான் கிடந்தது.

மீன் விற்கும் அவள் அம்மா வந்து நின்றார்.

“தொலைச்சிட்டேம்மா.”

அவர் என் மேசையைப் பார்த்தார். “இன்னா சார், உன் சோத்து டப்பா கீயே கண்ணாடிக்குள்ள கீதே!”

பத்திரமாக இருக்கட்டுமென்று நானே அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்தேன்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும், “துன்னு சார், மூஞ்சே வத்திப்போச்சி” என்றார். டப்பாவைத் திறக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.