மாப்பிள்ளையும் நானும் ஒட்டிய வில்

முதலில் கேட்டது பெரிய சத்தமில்லை. 'டிக்' என்று ஒரே ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. பத்தடி தள்ளி நின்று வில்லின் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கும் அது கேட்டுவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. என் தங்கை மட்டும் வில்லுக்குப் பக்கத்தில் நின்று தராசில் ஓடும் எண்ணைப் படிப்பதிலேயே குறியாக இருந்தாள். அந்த இரண்டு மூன்று விநாடிகளை இன்றும் மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் கயிற்றை மெல்லத் தளர்த்திவிடுகிறேன். நிஜத்தில் நான் தளர்த்தவில்லை.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் ஒரே தங்கையின் கணவரை. மறைமலை நகர் பக்கம் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. கண்ணுக்கே தெரியாத அளவு பிசகினாலும் பாகத்தை ஒதுக்கி வைத்துவிடுவார். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள் இருவரும். ஆனால் ஒருவர் தப்பை இன்னொருவர் சொல்லவே மாட்டோம். அதற்குக் காரணம் அவர்களுடைய தலை தீபாவளி. அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து கம்பெனிக் கதை சொன்னவர், பேச்சுவாக்கில் ஏதோ ஒரு சதவீதத்தைத் தவறாகச் சொல்லிவிட்டார். வகுப்பறையில் வளர்ந்த வாய் சும்மா இருக்குமா? பெரியப்பா, சித்தப்பா, சம்பந்தி வீட்டார் எல்லோருக்கும் முன்னால், "அப்படி வராதுங்க மாப்பிள்ளை, தப்பு" என்று சொல்லி, தண்ணீர் தொட்டு மேசையிலேயே கணக்கைப் போட்டும் காட்டினேன். அவர் பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் தங்கை தனியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்து போனாள். ஒவ்வொரு முறை அவள் தனியாகச் செருப்பைக் கழற்றும்போதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

பிறகு காலம் எப்படியோ அதை ஆற்றியது. ஆற்றியது என்றால், இருவரும் மரியாதையைக் கூட்டிக்கொண்டோம். "உங்க இஷ்டம் மாப்பிள்ளை" என்பேன் நான். "நீங்க சொன்னா சரி மச்சான்" என்பார் அவர். வாசலில் நின்று நீங்க போங்க, நீங்க போங்க என்று இருவரும் வழிவிட்டுக்கொண்டிருந்தால் தங்கை நடுவில் புகுந்து உள்ளே போய்விடுவாள். "இவங்க ரெண்டு பேரும் உள்ள வர்றதுக்குள்ள சாம்பார் ஆறிடும்" என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் அவர்களுக்குச் சொந்த வீடு. மாப்பிள்ளை முட்டி வலியால் ஷட்டில் ஆடுவதை நிறுத்திய வருஷம், ராப்பகலாகப் போனில் வீடியோ பார்த்து வில் செய்யும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஒரே கட்டையைச் செதுக்கும் வில் அல்ல. மூங்கிலையும் தேக்கையும் மெல்லிய பட்டைகளாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி அடுக்கி, வளைவான மர அச்சில் வைத்து இறுக்கிக் காயவிட வேண்டும். காய்ந்ததும் எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பாகி அந்த வளைவிலேயே நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே என்னைக் கூப்பிட்டார். பட்டை எந்த இடத்தில் எவ்வளவு மெலிய வேண்டும் என்று தாளில் கிறுக்கி வைத்திருந்தார். "இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க மச்சான், எனக்குச் சரியா வரல" என்றார். பந்தியில் நான் கவிழ்த்த கணக்கைப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவரே நிமிர்த்தி வைக்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அங்கே ஆஜர்.

முதல் வில் அச்சை விட்டு வரவே இல்லை. அச்சின்மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றிவிட்டுப் பட்டைகளை வைக்க வேண்டும் என்பதை இருவருமே மறந்துபோனோம். வழிந்த பசை வில்லையும் அச்சையும் சேர்த்தே ஒட்டிவிட்டது. உளி வைத்து உடைத்தோம். இரண்டாவது முறை மாப்பிள்ளை கலந்ததும் சூடேறி இறுகும் இரண்டு டப்பாப் பசையையும் மொத்தமாக ஒரே கப்பில் ஊற்றிக் கலக்கினார். சித்திரை வெயில், மொட்டை மாடி. பட்டையில் தடவக் குனிவதற்குள் கப் சூடேறிப் புகைய ஆரம்பித்துவிட்டது. பிளாஸ்டிக் இளகி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் அதைத் தூக்கி வீச, பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் வாளியோடு மாடிப்படியில் ஓடிவந்தார். அன்றைக்கு நான் பயந்தது உண்மை. ஆனால் எல்லோரும் போன பிறகு சிரித்தோம். பயம் சிரிப்பாக மாறிவிட்டால் அது பயமே இல்லை என்று நினைக்கிற வயதா எனக்கு? அப்படித்தான் நடந்துகொண்டேன்.

மூன்றாவது முறை பசை கலக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. "நீங்க கலக்குங்க மச்சான், உங்க கைக்கு அளவு நிக்கும்" என்றார். வெயில் ஏறும் முன் கார் நிறுத்தும் இடத்தில், அகலமான தட்டில் கலக்கினேன். நான்கு பட்டைகளுக்கு நன்றாகத்தான் வந்தது. கடைசிப் பட்டையின் இடது பாதிக்குப் போகும்போது பசை கெட்டிப்பட்டுத் திரிதிரியாக இழுத்தது. புதிதாகக் கொஞ்சம் கலக்கியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, இறுக்கிக் கட்டத் தயாராக நின்றார். நான் சுரண்டி எடுத்ததைத் தேய்த்துவிட்டுச் சரி என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கட்டுகளை அவிழ்த்தபோது வில் அத்தனை அழகாக வந்திருந்தது. மாப்பிள்ளை அதைக் குழந்தையைப்போல இரண்டு கையிலும் வாங்கி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்த்துவிட்டு என் கையில் கொடுத்துவிட்டுக் காபிக்கு உள்ளே போனார். விளிம்பை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, இடது பக்கம், இரண்டு பட்டைகளுக்கு நடுவே நகம் தட்டியது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கட்டை விரல் நீளத்துக்கு மயிரிழை அளவு ஒரு கறுப்புக் கோடு. பசை பிடிக்காத இடம். என் பசை. அவர் காபியோடு வந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "எப்படி மச்சான்?" என்றார். "அருமைங்க மாப்பிள்ளை" என்றேன். தரம் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட மனிதரின் கண்ணுக்குத் தப்புமா, தப்பாக இருந்தால் அவரே சொல்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுபடியும் ஒரு இலை மூடப்படுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. உண்மை இதுதான்.

அடுத்த ஞாயிறு, காலை பத்து மணி. வில்லைச் சுவரில் அடித்த முளையில் கிடையாக மாட்டினோம். நாணில் ஒரு கொக்கித் தராசு, அதிலிருந்து தரையில் இருக்கும் கப்பி வழியாக ஒரு கயிறு என் கைக்கு. நான் இழுக்க இழுக்க வில் வளையும். எத்தனை கிலோ இழுக்கிறேன் என்று தராசில் எண் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று மாப்பிள்ளை தள்ளி நின்று பார்ப்பார். தராசின் எண் எனக்குத் தெரியவில்லை, மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். உள்ளே மெஷினில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த தங்கை எங்கள் தடுமாற்றத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் தைக்கிறாள். நாற்பத்து மூன்று வயதிலும் கண்ணாடி இல்லாமல் முதல் தடவையிலேயே ஊசியில் நூல் கோக்கிறவள் என்று அவளுக்குப் பெருமை உண்டு.

"தள்ளுங்க, எனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியும். நான் படிக்கிறேன்" என்றாள்.

அங்கே நிற்காதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பாள். கேட்டால் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கயிற்றைப் பிடித்தேன். எட்டு, பத்து, பதினொன்று என்று அவள் படித்தாள். பதினொன்றில்தான் அந்த 'டிக்' கேட்டது. மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் உதட்டை நனைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா மச்சான்?"

"உங்க இஷ்டம் மாப்பிள்ளை."

இரண்டு அங்குலம்கூட இழுத்திருக்க மாட்டேன். அவள் "பதிமூணு" என்று சொல்லி முடிப்பதற்குள் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கயிறு கையில் துவண்டது. தங்கை அலறவில்லை. அப்படியே உட்கார்ந்தாள். இடது கண்ணைப் பொத்திய விரல்களுக்கு நடுவே ரத்தம் இறங்கி, தாலிச் சரட்டை நனைத்து மடியில் சொட்டியது. "அண்ணா, என்னாச்சு? எனக்கு என்னாச்சு?" என்று மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை செருப்புப் போடாமல் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைப் பிடித்து வந்தார்.

ஆட்டோக்காரர் ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தார். "யக்கா, கண்ண கசக்கிடாத. அப்டியே புட்சிகினு இரு. இதோ போய்டலாம்" என்றவர், பெருங்களத்தூர் நெரிசலில் எதிர்ப்பக்கமாகவே புகுந்து ஓட்டினார். தங்கையின் தலை என் தோளில் இருந்தது. அவள் நடுக்கம் என் எலும்பில் தெரிந்தது. தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லோரையும் கூப்பிட்டேன். அவள் கண் போய்விடக் கூடாது என்று ஒரு பயம். அதற்குள்ளேயே, அந்தக் கோட்டை நான் பார்த்தது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று இன்னொரு பயம். தங்கை ரத்தத்தோடு சாய்ந்திருக்கும்போது ஒருத்தனுக்கு இப்படியும் தோன்றுமா என்றால், தோன்றியது.

கண் ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று டாக்டரம்மா கேட்டார். "மரம் உடைஞ்சிடுச்சு டாக்டர்" என்று மாப்பிள்ளையும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். மூங்கில் சிம்பு இமையைக் கிழித்துக் கருவிழியில் ஏறியிருந்தது. ஆபரேஷன் முடியாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். மூன்று மணி நேரம் இரும்பு நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஆபரேஷன் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து நின்றோம். அவர் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் நீங்க குடிங்க என்றேன். கடைசியில் இருவருமே குடிக்கவில்லை.

கண் பிழைத்தது. ஆனால் கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. இடது கண்ணில் எல்லாம் புகை படிந்தாற்போல் தெரிகிறது என்கிறாள். இரண்டு வருஷமாகிறது. இன்றும் தைக்கிறாள். ஊசியைத் தூர வைத்து, கிட்ட வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து தடவை முயல்வாள். கோத்துத் தரட்டுமா என்றால் தர மாட்டாள். மாப்பிள்ளை மிச்சமிருந்த பட்டைகளை எல்லாம் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். வில் என்ற சொல்லையே அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நானோ சின்னதாக ஏதாவது தெறிக்கிற சத்தம் கேட்டால், அது அடுப்பில் கடுகாக இருந்தாலும், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பள்ளியில் ஒரு பையன் ஸ்கேலை வளைத்து விளையாடியபோது, நான் கத்திய கத்தலில் வகுப்பே உறைந்துபோனது.

போன மாதம் ஒரு ஞாயிறு அங்கே சாப்பிடப் போயிருந்தேன். கூடத்தில் மாப்பிள்ளையும் நானும், பக்கத்து அறையில் தங்கையின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருக்கிற தைரியத்தில், இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்ததைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டேன். பசை கெட்டிப்பட்டது, கோட்டைப் பார்த்தது, சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும். இலையை மூடுவாரோ, எழுந்து போகச் சொல்வாரோ, எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நானும் பார்த்தேன் மச்சான்" என்றார். "உப்புத்தாள் போடும்போதே பார்த்துட்டேன். நீங்க கலக்கின பசை. குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும்னு பயந்துட்டேன். மறுபடியும் நமக்குள்ள பேச்சு நின்னுடுமோன்னு..."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மெஷின் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று இருவருக்கும் தெரியாது. தங்கை கையில் பாதி தைத்த துணியோடு நிலைப்படியில் நின்று, ஒரு கண்ணால் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ, அது உடையும்னு தெரியாம அங்க நின்னது நான் ஒருத்திதான்" என்றாள்.