ஒரு சாண் குறைந்த வாய்

சங்கிலிபூதத்தான் மாமாவின் உயரம் ஐந்தடிகூட இல்லை. அந்த எந்திரத்தை வரையும்போது நான் அதை அளந்து பார்க்கவே இல்லை.

சீவலப்பேரியில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. என் அப்பாவும் அவரும் சேர்ந்து நாற்றுக்கட்டு சுமந்தவர்கள். அறுவடை மெஷின் வந்தபின் வயலில் ஆள்வேலை குறைந்தது. அப்பா கொத்தனார்களுக்குக் கையாளாகப் போனார். மாமா ஜெய்சன் அண்ணாச்சியின் பிளாஸ்டிக் ஷெட்டில் சேர்ந்தார். குப்பையில் வரும் பால் கவர்களைத் துண்டுதுண்டாக வெட்டி, கழுவி, காயவைத்து, மறுபடி உருக்குகிறவர்களுக்கு அனுப்பும் இடம் அது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம் சும்மா அலைந்த என்னை அங்கே கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தியதும் மாமாதான். "படிச்ச பய அண்ணாச்சி. கழுவுத மெஷின் ஒண்ணு வேணும்னு சொன்னியள்லா, இவன் வரைவான்."

மாமாவைப் பயமறியாத மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். பூதத்தார் கோயில் கொடைத் திருவிழாவில் அவர்தான் சாமிகொண்டாடி. அருள் வந்துவிட்டால் கனத்த இரும்புச் சங்கிலியைத் தூக்கித் தன் தோளில் தானே அடித்துக்கொண்டு ஆடுவார். ஆனால் டவுன் ஜவுளிக்கடையில் நகரும் படிக்கட்டில் கால் வைக்க மாட்டார். மூன்று மாடியும் மூச்சு வாங்க நடந்தே ஏறுவார்.

"உள்ள என்ன கெடக்குன்னு தெரியாம எவம்லே கால வைப்பான்?"

"அப்ப நம்ம மெஷின் மட்டும் தெரியுமா மாமா?"

"அது நீ வரைஞ்சதுல்லா மருமவனே."



எந்திரம் எளிமையானதுதான். சாய்வாக ஒரு சல்லடைக் குழாய். அதற்குள் தகடுகள் பதித்த தண்டு ஒன்று நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் சுற்று சுற்றும். மேலே இருக்கும் வாயில் துண்டுகளைப் போட்டால், தண்ணீரோடு அடிபட்டு, உரசி, பால் பிசுக்கும் மண்ணும் சல்லடை வழியே வெளியேறும். வாயின் ஆழம்தான் முக்கியம். கையை எவ்வளவு விட்டாலும் விரல்நுனி தகட்டைத் தொடக் கூடாது. அதற்காகத் தொண்ணூறு சென்டிமீட்டர் வைத்திருந்தேன்.

பொருத்துகிற அன்று வாய் கூரைத் தகட்டில் இடித்தது. வெல்டர் டேப்பைக் கூட எடுக்கவில்லை. கையை விரித்துக் காட்டினான். "ஒரு சாண் வெட்டிரலாமா சார்?"

என்னை யாரும் அதுவரை சார் என்றதில்லை. அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றால் கூரையைக் கழற்ற வேண்டும். கூரையின் உயரத்தை முதலிலேயே ஏன் அளக்கவில்லை என்று கேட்பார். நான் தலையாட்டினேன்.

மாமா குள்ளம். எட்டாமல், பால் டிரே ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். ஈரத்துண்டுகள் வாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கம்பால் தள்ளினால் கம்பு ஒடிந்து சரக்கோடு கலந்துவிடுகிறது என்று, தோள்வரை சாய்ந்து கையாலேயே தள்ளுவார். மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். விரலுக்கும் தகட்டுக்கும் நடுவே இருப்பது நாலு விரற்கடை. சுவிட்சை அணைத்தாலும் தண்டு நிற்கப் பத்தொன்பது விநாடி ஆகும். அதையும் எண்ணியிருக்கிறேன். இத்தனையும் தெரிந்த நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், எனக்கு முன்பே வந்து வேலையைத் தொடங்கியிருக்கும் அவர் கைகளைத்தான் முதலில் பார்ப்பேன். பத்து விரலும் இருந்தால் மூச்சு வரும்.

கொடைக்குக் கால் நாட்டிய மறுநாள் மாமா மணிக்கட்டில் காப்புக் கட்டி வந்தார். முறுக்கிய மஞ்சள் கயிறு, நடுவில் விரலி மஞ்சள், முடிச்சிலிருந்து இரண்டு நுனிகள் தொங்கின. கொடை முடிகிறவரை எட்டு நாள் அதைக் கழற்றக் கூடாது.

தண்டுக்கு மேலே அந்த நுனிகள் ஆடுவதைப் பார்த்தேன். 

"மாமா, நுனியையாவது வெட்டிக்கிடுங்க."

"காப்புல கத்தி வைக்கவா? ஏலே, காலேஜுல இதத்தான் சொல்லித்தந்தாவளா?"

குப்பையிலிருந்து மூடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பியூலா அக்கா சிரித்தாள். "சாமியவே மெரட்டுதாரு இஞ்சினியரு!"

"அப்ப எட்டு நாள் லீவு போடுங்க."

"லோடு வந்து கெடக்கு. நீ ஏன் இப்படி வேர்த்துப் போயி நிக்க?"

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். நான் சொல்லவில்லை. மதியம் டவுனுக்குப் போய் முழங்கைவரை வரும் ரப்பர் கையுறை வாங்கி வந்தேன். சுற்றுகிற தண்டுக்குப் பக்கத்தில் கையுறை கூடாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். கயிற்றை மறைத்துவிட்டால் போதும் என்ற பதற்றத்தில் அது என் நினைவுக்கே வரவில்லை. கடையில் சின்ன அளவு இல்லை. பெரியதை வாங்கினேன். மாமா மாட்டிப் பார்த்து, "எருமை மாட்டுக்கு வாங்குனியாலே?" என்றார். ஆனாலும் காப்பு நனையாது என்று அவருக்குச் சந்தோஷம்.

மூன்றாம் நாள், பதினோரு மணி டீக்கு முன்னால், 'டப்' என்று ஒரு சத்தம். மாமா டிரேயிலிருந்து பின்பக்கமாக மல்லாந்து விழுந்தார். எந்திரத்தின் வாய்க்குள்ளே ஏதோ கிழிபடும் ஓசை. நான் சுவிட்சை அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் பக்கம் திரும்பக் கழுத்து வரவில்லை. தண்டு நின்றபின்தான் பார்த்தேன்.

கை இருந்தது. ஐந்து விரலும் இருந்தன. நடுவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வடிந்தது. மஞ்சள் கயிறு அப்படியே மணிக்கட்டில் இருந்தது. கையுறையை மட்டும் எந்திரம் உருவிக்கொண்டு போயிருந்தது.

பியூலா அக்கா முந்தானையைக் கிழித்து விரலில் சுற்றினாள். மாமா காப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பூதத்தார் கையப் பிடிச்சு இழுத்துட்டார் மருமவனே."

ஜெய்சன் அண்ணாச்சி கண்மூடி ஜெபித்தார். "ஆண்டவர் பெரியவர். சரி, ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுட்டு வாரும் வே. மத்தியானம் ஓட்டிக்கிடலாம்."

அப்போதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. கை தப்பியது கடையில் சின்ன அளவு இல்லாததால்; தொளதொளவென்று இருந்த கையுறை கழன்று போனது. அது சாமியின் கணக்கில் போய்விட்டது. அப்படியென்றால் வாயின் ஆழம் அப்படியே இருக்கும். மாமா இன்னும் தைரியமாகச் சாய்வார்.

சுவருக்குப் போய் மெயின் பெட்டியைத் திறந்து மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்று கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன்.

"என்னலே பண்ணுத?" என்றார் அண்ணாச்சி.

"வாயில ஒரு சாண் குறையுது அண்ணாச்சி. வெட்டச் சொல்லி நான்தான் தலையாட்டுனேன். கை தகட்டுக்கிட்ட போயிரும்னு எனக்கு மொதல்லயே தெரியும். கையுறை வாங்குனதும் தப்பு. கூரையில ஒரு தகடக் கழத்தி, வாயப் பழைய ஆழத்துக்கு ஏத்தி, ஏறி நிக்கப் படி போடணும். படி ஒசரத்துக்கும் சேத்து ஆழம் வைக்கணும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அதைவிட மாமாவின் முகம்தான் பயமாக இருந்தது. சுற்றிய துணியில் ரத்தம் ஊற, அவர் எந்திரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நகரும் படிக்கட்டின் முன்னால் நிற்பாரே, அதே முகம்.

"எத்தன நாளாத் தெரியும் ஒனக்கு?"

"மாட்டுன அன்னைக்கிலேர்ந்து."

அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த டிரேயை நிமிர்த்தி, சுவரோரமாகத் தள்ளி வைத்தார்.

"பைய வா. ஆஸ்பத்திரில பேரு எழுதணும். எனக்கு எழுத வராதுல்லா" என்றார். மருமவனே என்று அவர் சொல்லவில்லை.

பியூஸ் கட்டைகள் பையில் தொடையை இடிக்க, அவருக்குப் பின்னால் நடந்தேன்.